சுத்தியல் வைத்த பொந்து

கல் பொறுக்கப் போகிறவர்கள் வீட்டில் முட்டை அட்டையைத் தூக்கிப் போடவே மாட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல்லைப் பழைய செய்தித்தாளில் சுற்றி உட்காரவைத்தால், மலைப்பாதையில் வேன் எப்படிக் குலுங்கினாலும் ஒரு முனைகூட உடையாது. என் சமையலறையில் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டைச் சோதனை போட உங்கள் ஆட்கள் வந்தால் அதை மட்டும் கலைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

சோதனை எதற்கு என்று பார்க்கிறீர்கள். ஹாக்ரிக் குவாரியில் மேவிஸ் செத்தது விபத்து என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டதாக நார்மன் சொன்னார். மழையில் ஊறிய பாறை, வயதான பெண், கவனக்குறைவு. அப்படித்தானே? அது தப்பு, இன்ஸ்பெக்டர். அதைத் திருத்தத்தான் வந்தேன். கொஞ்சம் விலாவாரியாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. எட்னா தங்கமானவள், எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

நாங்கள் நான்கு பேர். நானும் மேவிஸும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். உருளைக்கிழங்கு உரித்து உரித்தே சிநேகிதமானோம். நார்மன் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். வேன் அவருடையது. கிளிஃபோர்டு பெய்ன்பிரிட்ஜ் எங்கள் கல் சங்கத்தின் தலைவர். நல்ல உயரம், நல்ல குரல், எங்கே போனாலும் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். கோடையில் ஒரு வாரம் வியர்டேல் பள்ளத்தாக்குக்குப் போய், பியர்ட் அம்மாளின் விடுதியில் தங்கிக் கல் தோண்டுவது எங்கள் வழக்கம்.

அந்த வாரம் எப்படிப் போகும் என்று சொன்னால்தான் உங்களுக்கு மற்றது புரியும். காலையில் பன்றிக்கறி, முட்டை, வறுத்த ரொட்டி. சாப்பிட்டு முடிப்பதற்குள் பியர்ட் அம்மாள் வந்துவிடுவாள். "குளிக்கிற தொட்டியில கல்லக் கழுவாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? போன வருஷம் களிமண்ணு அடச்சுக்கிட்டு ஆளக் கூப்பிட்டேன். இந்த வருஷம் அடைச்சா உங்களையே குழாய்க்குள்ள விட்டுக் குடைய வெப்பேன்" என்பாள். கிளிஃபோர்டு கண்ணடிப்பார். அவள் உடனே குழைந்து அவருக்கு இன்னொரு முட்டை வைப்பாள். எனக்கு வைத்ததில்லை.

பிறகு ரொட்டியும் ஃபிளாஸ்க்கும் கட்டிக்கொண்டு குவாரி. பண்ணைக்காரரின் வேலிக்கதவைத் திறந்தால் மூடாமல் வரக்கூடாது, ஆடு வெளியே போய்விடும். ஆளுக்கொரு மூலை பார்த்து உட்கார்ந்துவிடுவோம். அதன்பின் மணிக்கணக்கில் பேச்சே இருக்காது. சுத்தியல் உளியில் படும் சத்தம், ஆட்டின் சத்தம், மழை. காய்ந்த கல்லில் நிறம் தெரியாது என்பதால் எல்லோரும் நக்கிப் பார்ப்போம். ஈயம் கலந்த கல், நக்கினால் மூளை மழுங்கும் என்று மற்றவர்களை எச்சரித்துக்கொண்டே நார்மனும் நக்குவார். "உனக்கு இனிமே மழுங்கறதுக்கு என்ன இருக்கு நார்மன், தைரியமா நக்கு" என்பாள் மேவிஸ். அவள் இருந்தால் கலகலப்புதான். அதை நான் மறுக்கவில்லை.

நாங்கள் தேடுவது புளோரைட் படிகம். நிழலில் கண்ணாடிப் பச்சையாக இருக்கும், வெயிலில் காட்டினால் ஊதாவாக மாறும். சுண்ணாம்புப் பாறைக்கு நடுவில் எங்காவது களிமண் அடைத்த பொந்து இருந்தால், அதற்குள் கொத்தாகக் கிடைக்கும். பொந்து கிடைப்பது லேசில்லை. பல பேர் ஆயுசு முழுக்கத் தோண்டி ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அதனால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பொந்தைக் கண்டுபிடித்தவர் சாப்பிடவோ, ஒதுங்கவோ போனால், தன் சுத்தியலைப் பொந்தின் வாயில் வைத்துவிட்டுப் போவார். சுத்தியல் இருக்கும் பொந்து ஆள் இருக்கும் பொந்து. உடையவரிடம் கேட்டு, அவர் வாயால் சரி என்று சொன்னாலொழிய இன்னொருவர் விரலை நுழைக்கக் கூடாது. சட்டம் கிடையாது, அபராதம் கிடையாது. ஆனால் கல்யாணத்தில் செய்துகொள்ளும் சத்தியத்தைவிட இதை எங்கள் ஆட்கள் மதிப்பார்கள். நார்மன் ஒருமுறை, ஒரு பொந்துக்கு முன்னால், அதன் சொந்தக்காரர் திரும்பி வரும்வரை கொட்டுகிற மழையில் மதியம் முழுக்க நின்றார். அவர் பார்க்க ஆசைப்பட்டது பொந்துக்குள் என்ன நிறம் என்று மட்டும்தான்.

போன வருஷம் எனக்கு ஒரு பொந்து கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூட அநியாயம். மூன்று கோடை அந்த ஒரே இடத்தில் மண்டியிட்டுக் குடைந்திருக்கிறேன். முழங்கால் போனது அங்கேதான். அன்றைக்குக் களிமண் சரிந்து டார்ச் வெளிச்சம் உள்ளே போனபோது, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி வளர்ந்த இரட்டைப் படிகம், ஒரு முழு ரொட்டி அளவில், மூலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படபடப்பில் எடுத்தால் கல் உடையும். சுத்தியலைப் பொந்தின் வாயில் வைத்துவிட்டு, ஒரு வாய் டீ குடித்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு வரலாம் என்று போனேன்.

திரும்பி வரும்போது கிளிஃபோர்டு என் பொந்துக்குள் தோள் வரை கையை விட்டிருந்தார். கல் அவருடைய மடியில் இருந்தது. என் சுத்தியல் கரைமேல் புல்லில் கிடந்தது.

"உன் சுத்தியலா அது? ஓரமாக் கெடந்துச்சும்மா. யாரோ வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் பொந்துமேலதான் வெச்சேன்."

"ஆடு தட்டிவிட்டிருக்கும்."

"ஆடு சுத்தியலத் தூக்கிக் கரையேத்தி வெச்சுட்டுப் போச்சா?"

"படிச்ச ஆடு போல" என்றார் கிளிஃபோர்டு.

நார்மன் கீழே பார்த்தார். மேவிஸ் சிரித்தாள். லேசாகச் சிரிக்கவில்லை, இன்ஸ்பெக்டர். வாயிலிருந்த டீ மூக்கில் ஏறிப் புரையேறுகிற அளவுக்கு, வேன் மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததால் நார்மனும் சிரித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது, சிரித்தேன்.

ராத்திரி விடுதி அறையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மேவிஸ், "விடு எட்னா. கல்லுதான" என்றாள். அவளும் கல் பொறுக்குகிறவள். கல்லுதானே என்று அவளால் எப்படிச் சொல்ல முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இலையுதிர் காலத்தில் சங்கத்தின் கண்காட்சி. கல்லுக்கு மேலே தனி விளக்கு, கீழே கிளிஃபோர்டின் பெயர். கூட்டம் மொய்த்தது. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டாள், "நீங்களும் கல் தோண்டுவீங்களா, இல்ல சும்மா தொணைக்குப் போறதா?" நான் வாயைத் திறப்பதற்குள் கிளிஃபோர்டு, "எட்னா டீ போட்டா அதுக்கு நிகரே கிடையாது" என்றார். மேவிஸ் பக்கத்தில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். நான் சொன்னால் நம்பாதவர் ஒருவரும் இல்லை. நம்பினார்கள், ஆனால் அதற்காக ஏன் ஒரு நல்ல சாயங்காலத்தைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொல்கிறாய் என்று யாராவது சண்டைக்கு வந்திருந்தால் மனது ஆறியிருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, சங்கத்தில் நான் கைப்பையைக் கீழே வைத்தால் போதும், "பாத்துக்க எட்னா, ஆடு வருது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நான் தங்கமானவள் இல்லையா, புன்னகை செய்வேன்.

இந்த வருஷம் போனதும் குவாரியின் கிழக்குப் பாறைச்சுவரில் ஒரு இடம் பிடித்தேன். மேலே பெரிய சுண்ணாம்புப் பாறைப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது, கீழே களிமண். பொந்து இருந்தது. வெறும் பொந்து, உள்ளே ஒன்றுமில்லை. நார்மன் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பழைய ரயில் தண்டவாளக் கட்டையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து பலகைக்கு முட்டுக்கொடுத்து, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினார். "இந்தக் கட்ட இருக்கற வரைக்கும் கவலையில்ல. ஆனா மேல ஒரு கண்ணு வெச்சுக்க" என்றார். நல்ல மனிதர். இதில் அவர் தலையை உருட்டாதீர்கள்.

மறுநாள் மற்றவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது, மறந்துபோன உளியை எடுக்கப் போகிற சாக்கில் போய் அந்த ஆப்பை உருவிவிட்டேன். கட்டை அப்படியே நின்றது. பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் யாராவது தோளையோ கையையோ அதில் கொடுத்தால் நிற்காது.

வீட்டிலிருந்து நல்ல பச்சைப் படிகங்கள் சிலவற்றை முட்டை அட்டையில் கொண்டுவந்திருந்தேன். என்னுடையவைதான், பழையவை. களிமண் பூசிப் பொந்தின் கோடியில், கையை விட்டால் எட்டாது, உடம்பை நுழைத்தால் எட்டும் என்கிற தூரத்தில் ஒரு நீளமான குச்சியால் தள்ளிவைத்தேன். பிறகு ஊரறியச் சொன்னேன், எனக்குப் பொந்து கிடைத்திருக்கிறது, அவசரப்படாமல் எடுக்கப் போகிறேன் என்று. படிகம் கண்ணில் பட்டுவிட்டால் எங்கள் ஆட்களில் ஒருவரும் தலைக்கு மேலே பார்க்க மாட்டார்கள். எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் சரி. அது எங்கள் வியாதி.

கடைசியாகப் பொந்தின் வாயில் என் சுத்தியலை வைத்தேன். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் யாரையும் உள்ளே இழுக்கவில்லை. வரவேண்டாம் என்று சொல்லும் அடையாளத்தை வாசலிலேயே வைத்திருந்தேன். யோக்கியமான ஆளுக்கு அந்த இடத்தில் ஒரு ஆபத்தும் கிடையாது. திருடனுக்கு மட்டும்தான். நான் வைத்தது நியாயமான ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த மனிதர் வரவில்லை.

நாள் முழுக்க நான் வேண்டுமென்றே எழுந்து எழுந்து போனேன். கிளிஃபோர்டு கிட்டேகூட வரவில்லை. அதோடு விட்டாரா? மூன்றாம் நாள் என் பொந்தைக் கடந்து போகும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் பாத்துக்கங்கப்பா, கை ரெண்டும் மேல இருக்கு. ஆடு திருந்திருச்சு" என்று கத்திக்கொண்டே போனார். மேவிஸ் சிரித்தாள். அதே சிரிப்பு. சாயங்காலம் மதுக்கடையில் ஊர்க்காரர்களுக்கு அதை நடித்தும் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். அவரைப் பிடிக்காதவர் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர்கூட இல்லை. நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

கடைசி நாள் மதியம். கிளிஃபோர்டும் நார்மனும் குவாரியின் மறுகோடியில் கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் மேவிஸும் வேனின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் செய்த இஞ்சி கேக் கொஞ்சம் காய்ந்திருந்தது.

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்காத" என்றாள். "கிளிஃபோர்டுக்கு மனசு உறுத்துதாம். அந்தக் கல்ல உனக்கே திருப்பிக் குடுக்கறேன்னாரு. சங்கத்துக் கூட்டத்துல, எல்லாரு முன்னாடியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லப் பயமா இருக்காம் அந்த மனுஷனுக்கு." மறுபடி சிரித்தாள். "பாரேன், உன்னப் பாத்து ஒருத்தர் பயப்படறாரு. மன்னிச்சு விட்டுரு எட்னா. நல்ல மனுஷன்தான், கை கொஞ்சம் அரிச்சிருச்சு, அவ்ளோதான்."

நான் கண்ணை மூடினால் அந்தக் கூட்டம் தெரிந்தது. கிளிஃபோர்டு கல்லை இரண்டு கையிலும் ஏந்தி நிற்பார். பெருந்தன்மை என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நான் போய் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். என் பொந்தில் என் கையால் தோண்டியதை அவர் எனக்குத் தானம் கொடுப்பார், நான் நன்றி சொல்ல வேண்டும். மேவிஸ்தான் முதலில் கைதட்டுவாள். திருடினவனைவிடப் பக்கத்தில் நின்று சிரித்தவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் என்பது, அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. போன வருஷமே தெரிந்திருக்க வேண்டும்.

மேவிஸ் எழுந்து மடியிலிருந்த கேக் துணுக்கைத் தட்டிவிட்டாள். ஏதோ சொன்னாள். கிழக்குப் பாறைச்சுவர்ப் பக்கம் போனாள். நான் இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டேன். சத்தம் நீங்கள் நினைப்பதுபோல் பெரிதாக இல்லை. வண்டியிலிருந்து நிலக்கரி கொட்டுவதுபோல் ஒரு சத்தம், பிறகு ஆடுகள் ஓடின.

கிளிஃபோர்டு ஓடிவந்து வெறுங்கையால் பாறையைப் புரட்டினார். நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. அழுதுகொண்டே புரட்டினார். அதற்கும் இப்போது ஊரே அவரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் என்னைக் கேட்டபோது, மேவிஸ் போனதை நான் கவனிக்கவில்லை என்றேன். நீங்கள் என் தோளில் கைவைத்து ஆறுதல் சொன்னீர்கள். நான் அப்படியே இருந்திருப்பேன், உள்ளதைச் சொல்கிறேன். இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் நேற்று அடக்கம் முடிந்து, தேவாலயத்துக்குப் பின்னால் எல்லோரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நார்மன் சொன்னார், "பாவம் மேவிஸ். ஆசப்பட்டுட்டா. இன்னொருத்தர் சுத்தியல் இருக்கற எடத்துல போயிருக்கக் கூடாது." கிளிஃபோர்டு தலையை ஆட்டினார். "செத்தவங்களப் பத்திக் கொறையாச் சொல்லக்கூடாது, ஆனா மொறைன்னு ஒன்னு இருக்கே" என்றார். அவர் சொன்னார், இன்ஸ்பெக்டர். அந்த வாயால் சொன்னார். சுற்றி நின்ற சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். எட்னாவுக்குத் தெரியாமல் எட்னாவின் பொந்தில் கைவைத்தாளே என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். என் மேல் இவர்களுக்கு வந்த முதல் பரிதாபம்.

எனக்குப் பற்றி எரிந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் இங்கே வந்தேன்.

ஏனென்றால் மேவிஸ் கேட்டாள். முறைப்படி கேட்டாள். அந்தப் படியில் எழுந்து நின்று, "உன் முழங்கால் சரியில்ல, மழ வேற வருது. நான் போயி எடுத்துட்டு வரட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான் தொடுவேன், நான் ஒன்னும் ஆடு இல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நார்மன் அடித்த ஆப்பு இதோ, என் கோட்டுப் பையில்தான் இருந்தது. வைத்துக்கொள்ளுங்கள். நான் சரி என்றேன், இன்ஸ்பெக்டர். "சுத்தியல ஓரமா வெச்சுட்டு உள்ள போ. எட்டலேன்னா அந்தக் கட்டையப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாரு" என்றேன். சரியென்று போனாள். இனிமேல் அவளைத் திருடி என்று யாரும் சொல்லக் கூடாது. அதை நீங்கள் சங்கத்து ஆட்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் என் சிநேகிதி, அந்தப் பழி அவள்மேல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.